மஹரும் சீரும்: தஃப்தரில் ஏறாத கணக்கு

தமிழ் முஸ்லிம்களின் திருமண வழக்கங்களைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த சிறுநூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் ஒருசேர வைத்துப் படிப்பவருக்கு ஒன்று உடனே புலப்படும். அவற்றில் அதிகமான மை கருகமணிக்காகச் செலவாகியிருக்கிறது. அடுத்த இடம் மணமகனின் முகத்தை மறைத்துத் தொங்கும் பூத்திரைக்கு. அதன்பின் பந்தற்கால், நலுங்கு, மருதாணி இரவு, குரவை, பைத்துப் பாட்டு, குதிரை ஊர்வலம், பாலும் பழமும் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, அதற்கு ஆதாரம் உண்டா, பிறசமயக் கலப்பா என்ற விவாதம் பக்கம் பக்கமாக நடந்திருக்கிறது. வரதட்சணைக்கு எதிரான குரலும் எழாமல் இல்லை. மேடைகளில் அது ஓங்கி ஒலித்தது. கைக்கூலி வாங்கும் திருமணத்தில் நிக்காஹ் ஓத மாட்டோம் என்று தீர்மானம் போட்ட ஜமாஅத்துகளும், மஹர் கொடுத்து மணமுடித்து முன்மாதிரியான இளைஞர்களும் உண்டு. ஆனாலும் கருகமணிக்குக் காட்டப்பட்ட நுணுக்கம் பணத்துக்குக் காட்டப்படவில்லை என்பதே நம் கருத்து. கருகமணியின் வரலாற்றைத் தேடிப் போனவர்கள், மணமகளின் கழுத்தில் கிடக்கும் பவுனின் வரலாற்றைத் தேடவில்லை.

வழக்கங்களின் பிறப்பிடத்தை ஆராய்வது வீண் என்று நாம் சொல்லவில்லை. நிய்யத்திலும் நம்பிக்கையிலும் ஷிர்க்கின் சாயல் உள்ள ஒரு சடங்கை ஆலிம்கள் தடுத்தே ஆக வேண்டும். எனினும், ஒரு வழக்கம் இந்த மண்ணுக்குரியது என்பதே அதைத் தள்ளுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தை இயற்றியபோது, கதீஜா நாயகி (ரலி) அவர்களின் திருமணத்தையும் பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் திருமணத்தையும் தனித்தனிப் படலங்களில் பாடினார். அலங்கரித்த வீதியும் ஊர்வலமுமாக, தமிழ்க் காப்பிய மரபின் கோலம் முழுவதும் அங்கே உண்டு. மக்கா நகரில் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டுக் காப்பியத்தை ஒதுக்கியவர்கள் நம் முன்னோரில் குறைவு. அவர்கள் அதை மஸ்ஜித் முற்றங்களில் விரிவுரையோடு கேட்டார்கள். கோலம் வேறு, கொள்கை வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

நபிமொழித் தொகுப்புகளும் இதே தெளிவைத் தருகின்றன. அன்ஸாரி ஒருவருக்கு மணமுடித்து அனுப்பப்பட்ட பெண்ணைப் பற்றி ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் பேசும்போது, கேளிக்கை ஏதும் இல்லையா, அன்ஸாரிகள் அதை விரும்புவார்களே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மணநாளில் சிறுமியர் தஃப் அடித்துப் பாட, நபியவர்கள் அமர்ந்திருந்ததும் அதே நூலில்தான். ஓர் ஊராரின் விருப்பம் என்ற காரணத்தை நபியவர்களே மதித்திருக்கிறார்கள். இதிலிருந்துதான் ஃபுகஹாக்கள் ‘உர்ஃப்’ என்னும் வழக்காற்றுக்கு இடம் கொடுத்தார்கள். வழக்கம் தீர்ப்பளிக்கும் தகுதி உடையது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உஸ்மானியர் தொகுத்த மஜல்லாவில் அது 36ஆம் விதி. திமிஷ்க் நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (மறைவு 1836) உர்ஃப் பற்றித் தனி ரிஸாலாவே எழுதினார்கள். நஸ்ஸுக்கு முரணாகாத வரையில் வழக்கம் செல்லும் என்பதே அவ்வறிஞர்களின் எல்லைக்கோடு.

அப்படியானால் திருமண வழக்கங்களுள் நஸ்ஸுக்கு நேர் முரணாக நிற்பது எது? அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் தொடக்கத்திலேயே, பெண்களுக்கு அவர்களின் மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. பணம் ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போக வேண்டும். அவளுடைய தந்தைக்குக்கூட அன்று, அவளுக்கே. இத்திசையை மாற்றிய வழக்கமே முதலில் விசாரிக்கப்பட வேண்டியது. கருகமணியைக் கழற்றிய வீடுகள் பலவற்றில் இத்திசை மாறவே இல்லை. பூத்திரை போயிற்று, பைத்து போயிற்று, குதிரை போயிற்று. அவற்றின் இடத்தில் குளிரூட்டிய மண்டபமும், வரிசைத் தட்டுகளின் எண்ணிக்கையும், இருசக்கர வாகனமும், சம்பந்தி வீட்டாருக்கான தனி விருந்தும் வந்து அமர்ந்தன. இவற்றுக்குப் பிறசமயச் சாயல் கிடையாது என்பதால் துண்டுப் பிரசுரங்களின் பட்டியலிலும் இடம் கிடைக்கவில்லை.

திருப்பூர், பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரங்களில் இந்த மாற்றம் பனியன் தொழிலோடு சேர்ந்தே நடந்தது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் என்பது இங்குள்ள பல மஹல்லாக்களின் நடைமுறை. காதர்பேட்டைக் கடைக்காரரும் கட்டிங் மாஸ்டரும் ஒரே பள்ளிவாசலின் ஜமாஅத்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய குடும்பங்களும் ஏராளம். அவரவர் ஊர்ச் சீர்முறை அவரவரோடு வந்தது. சீருக்குப் பேர்போன கொங்கு மண்ணில் அது மேலும் தடித்தது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஊரில் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இயல்பாகவே வந்துவிடும். பெண் வீட்டார் தரும் பவுனையும் எண்ணித்தான் பேசுகிறார்கள். எண்ணாமல் விடப்படுவது ஒன்றே ஒன்று: அந்தப் பவுனை வாங்கிய உழைப்பு யாருடையது என்பது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் செய்தியை, அடையாளம் எதுவும் இன்றி, இங்கே சொல்வது பொருந்தும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண், வயது வந்ததும் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு ஆண்டுகள். சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுச் செலவுக்கும், மறுபகுதி நகைக்கடைச் சீட்டுக்கும் போயிற்று. சீட்டுப் புத்தகம் தந்தையின் பெயரில் இருந்தது; அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் வழக்கம். மணநாளில் பன்னிரண்டு பவுன் அவள் கழுத்திலும் கையிலும் இருந்தது. “தகப்பனார் குறைவில்லாமல் சீர் செய்திருக்கிறார்” என்று சபையோர் பாராட்டினார்கள். நிக்காஹ் தஃப்தரில் மஹர் 1,001 ரூபாய் என்று பதிவாயிற்று. ஓராண்டுக்குள் நகையில் பாதி அடகுக்குப் போய், அந்தப் பணத்தில் மாப்பிள்ளை இரண்டு பவர் டேபிள் வாங்கி வீட்டின் முன்னறையில் ஜாப் ஒர்க் தொடங்கினார். அவற்றுள் ஒன்றில் இன்று தைப்பவள் அந்தப் பெண்தான். இப்போது அவளுக்குச் சனிக்கிழமை சம்பளம் கிடையாது.

இதில் யாரும் கொடியவர் அல்லர். தந்தை கடனில்லாமல் கரையேறினார், கணவர் உழைப்பாளி, பெண்ணும் குறை சொல்லவில்லை. தனிமனிதரின் தீமையைக் கண்டிக்க வயள் போதும். எல்லோரும் நல்லவராக இருந்துகொண்டே நடத்தும் அநீதியை எடுத்துக்காட்ட ஃபிக்ஹின் துல்லியம் வேண்டும்.

இது முஸ்லிம்களின் குறை மட்டுமன்று. இதே வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் ஓர் ஏற்பாடு நடந்துவந்தது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாக வாக்களிப்பார்கள். திருமணச் செலவுக்கு உதவும் தொகை என்பதே அதன் விளம்பரம். அவளுடைய கூலியிலேயே பிடித்து வைத்த பணம் கல்யாண உதவியாக வேடம் பூண்டது. நெதர்லாந்து அமைப்புகள் 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கைக்குப் பிறகு அது வெளிநாட்டு ஆடை நிறுவனங்களின் கவனத்துக்கும் போயிற்று. ஆலை முதலாளி செய்தால் சுரண்டல் என்று நமக்கு எளிதில் விளங்குகிறது. அதே காரியம் வீட்டுக்குள் நடக்கும்போது அதற்குச் சீர் என்று பெயர்.

இனி ஃபிக்ஹ் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு என்ற கருத்து நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் வருகிறது. பருவமடைந்த மகளின் கூலி அவளுடைய மில்க், அதாவது தனி உடைமை. அவள் விரும்பிக் கொடுத்தால் தந்தைக்கு ஆகும்; கொடுக்காததைத் தந்தை தன் பெயரில் ‘சீர்’ ஆக்க முடியாது. கொடுப்பவருக்கு உடைமை இல்லாத பொருளில் ஹிபா, அதாவது அன்பளிப்பு, செல்லாது என்பது மாணவர் தொடக்க ஆண்டுகளிலேயே ஓதும் பாடம். ஆகவே அந்தப் பன்னிரண்டு பவுனில் அவள் சம்பளம் வாங்கிய அளவுக்குத் தந்தை கொடுத்தது எதுவும் இல்லை. அவள் தன் நகையை அணிந்துகொண்டு தன் கணவர் வீட்டுக்குப் போனாள், அவ்வளவே.

தந்தை தன் சொந்தப் பணத்தில் வாங்கியதாகவே வைத்துக்கொண்டாலும், ‘ஜிஹாஸ்’ எனப்படும் சீர்ப்பொருளைப் பற்றி ஹனஃபி நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. கொடுத்த தந்தை பின்னாளில் வந்து, அது இரவலாகத் தந்தது என்று வாதிட்டால் ஏற்கப்படுமா? அவ்வூர் வழக்கம் உடைமையாகவே கொடுப்பது என்றால் அவர் வாதம் ஏற்கப்படாது என்பதே ஃபத்வா. இங்கே உர்ஃப் பெண்ணின் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது. ஜிஹாஸ் பெண்ணின் உடைமை என்பதும், தலாக் நேர்ந்தால் முழுவதையும் அவளே எடுத்துக்கொள்வாள் என்பதும் எல்லோரும் அறிந்த செய்தி என்ற கருத்தை ரத்துல் முஹ்தாரில் இப்னு ஆபிதீன் (ரஹ்) பதிவு செய்கிறார்கள். அவர்கள் காலத்துத் திமிஷ்கில் எல்லோரும் அறிந்திருந்ததை நம் மஹல்லாவில் விசாரணைக் கூட்டம் போட்டு நிறுவ வேண்டியிருக்கிறது.

இன்னொரு மஸ்அலாவும் கருதத்தக்கது. பெண்ணை அனுப்பிவைக்கும் வேளையில் அவள் வீட்டார் மணமகனிடம் ஏதேனும் தொகை கேட்டு வாங்கினால், அது ‘ரிஷ்வத்’, அதாவது லஞ்சம்; மணமகன் அதைத் திரும்பப் பெறலாம் என்பது துர்ருல் முக்தாரின் தீர்ப்பு. அந்நூலாசிரியரின் உலகில் நெருக்குதல் பெண் வீட்டாரிடமிருந்து வந்தது. பிள்ளை வீட்டார் கேட்கும் நிலை அவருடைய கற்பனையில் இருந்ததாகத் தெரியவில்லை. காரணம் ஒன்றாக இருப்பதால் தீர்ப்பும் ஒன்றே: பேரம் பேசி வாங்கிய கைக்கூலி வாங்கியவரின் உடைமை ஆகாது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நம் ஊர்களில் கைக்கூலி ஹராம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஹராம் என்ற சொல் வாங்கியவரை மறுமையின் விசாரணைக்கு ஒப்படைக்கிறது. ரிஷ்வத் என்ற சொல்லோ தொகையை இம்மையிலேயே கடனாக்குகிறது. இரண்டாவதைச் சொல்லத்தான் நம்மவர் தயங்குகிறார்கள்.

மஹரின் நிலை இதைவிட வருந்தத்தக்கது. உள்நாட்டுத் தமிழ் முஸ்லிம்களுள் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். அந்த மத்ஹபில் மஹரின் கீழெல்லை பத்துத் திர்ஹம், ஏறத்தாழ 30.6 கிராம் வெள்ளி. ஷாஃபிஈ மத்ஹபில் இப்படி ஓர் எல்லை இல்லை. விலைமதிப்புள்ள எதுவும் மஹராகலாம். 2000ஆம் ஆண்டில் வெள்ளி கிராம் பத்து ரூபாய்க்கும் குறைவாக விற்றது. 1,001 ரூபாய் அந்த எல்லையைத் தாராளமாகக் கடந்தது. 2025இல் வெள்ளி கிராம் நூறு ரூபாயைத் தாண்டியது. பத்துத் திர்ஹம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். அதே ஆண்டில் ஒரு பவுன் தங்கமும் எழுபதாயிரத்தைக் கடந்தது. ஆனால் தஃப்தரில் 1,001 அப்படியே நிற்கிறது. சில இடங்களில் 786. பெண் வீட்டார் தரும் பவுனின் விலை கடைவீதியோடு ஏறுகிறது, மஹர் மட்டும் தாத்தா காலத்துத் தொகையாகவே இருக்கிறது. பத்துத் திர்ஹத்துக்குக் குறைவாகப் பேசினாலும் பத்துத் திர்ஹமே கடமையாகும் என்பது ஹனஃபி சட்டம். நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஸ்ரத் அதை அறியாதவர் அல்லர். சபை கூடிய பிறகு அதைச் சொல்லி யார் முகத்தைக் கோண வைப்பது என்பதுதான் அவருடைய இக்கட்டு.

எழுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உடனே கொடுக்கும் மஹருக்கு அரபியில் அய்ன் இட்டு ஒரு சொல். தவணையாகப் பின்னர் கொடுக்கும் மஹருக்கு ஹம்ஸா இட்டு மற்றொரு சொல். பொருளில் ஒன்றுக்கொன்று எதிரான அவ்விரண்டும் தமிழில் ‘முஅஜ்ஜல்’ என்று ஒரே உருவமாகிவிடுகின்றன. அரபி எழுத்தில் எழுதிய பழைய பதிவேடுகளில் குழப்பம் இல்லை. தமிழில் அச்சிட்ட தஃப்தரில் ‘மஹர் முஅஜ்ஜல்’ என்று மட்டும் இருந்தால், கொடுத்தாயிற்றா, கொடுக்க வேண்டுமா என்பதைப் பதிவேடு சொல்லாது. ரொக்கமான மஹரைப் பெறும்வரை கணவன் வீட்டுக்குப் போக மறுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்ற சட்டம் இந்த ஓர் எழுத்தைப் பற்றி நிற்கிறது. ‘ரொக்கம்’, ‘பாக்கி’ என்று பச்சைத் தமிழில் எழுதிவிட்டால் போதும். அரபிக் கல்லூரியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

நம் கருத்துக்கு வரும் மறுப்புகளுள் இரண்டு மட்டுமே பதிலுக்கு உரியவை. பாத்திமா நாயகிக்கு நபியவர்களே சீர் கொடுக்கவில்லையா என்பது ஒன்று. ஒரு கம்பளித் துணி, ஒரு தோல் தண்ணீர்ப்பை, இத்கிர் புல் அடைத்த தலையணை என்று நஸாஈயின் அறிவிப்பில் வருகிறது. ஆனால் அலீ (ரலி) அவர்களிடம், உம்முடைய ஹுதமீ கவசம் எங்கே என்று மஹருக்காகக் கேட்ட செய்தியை அபூதாவூது, நஸாஈ தொகுப்புகளில் சேர்த்துப் படிக்க வேண்டும். கவசம் விற்ற தொகையிலேயே அப்பொருள்கள் வாங்கப்பட்டன என்ற அறிவிப்பையும் கருதினால், மணமகன் தந்த மஹரே மணமகளின் வீட்டுப் பொருளாயிற்று என்றாகும். இதைக் கைக்கூலிக்கு ஆதாரமாக்குவது படித்தவர் செய்யும் காரியமன்று.

மற்றது சற்றுக் கனமானது. சீர் என்பது பெண்ணுக்குரிய வாரிசுப் பங்கை முன்கூட்டியே கொடுப்பது என்கிறார்கள். காயல்பட்டினத்திலும் இலங்கையின் காத்தான்குடியிலும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். அவ்வூர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்கிறார். பெண் தன் கூரையின் கீழேயே இருக்கிறாள். அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு, பெண் மக்கள் பலரைப் பெற்றவரின் ஆயுள் வீடு கட்டுவதிலேயே கழிகிறது. எனினும் சொத்து பெண்ணிடம் நிற்கிறது. திருப்பூரில் பவுன் பெண்ணோடு போய்ப் பிள்ளை வீட்டுக் கணக்கில் கரைகிறது. வாரிசுரிமை மரணத்துக்குப் பிறகே பிறப்பது. உயிரோடிருக்கும் தந்தை அதைத் தீர்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. தந்தை மறைந்தபின், “அக்காவுக்குத்தான் அப்போதே செய்தாயிற்றே” என்று சகோதரர்கள் சொல்லும்போது, அவள் சொந்தக் கூலியில் வாங்கிய நகையே அவளுடைய ஃபராயிள் பங்கை விழுங்குகிறது. ஒரே பெண் ஒரே பொருளில் இரண்டு முறை இழக்கிறாள்.

நகை யாருடையது என்ற ஐயம் எழுந்தால் ஜகாத் காலத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஹனஃபி சட்டப்படி அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு, நிஸாப் 87.48 கிராம், அதாவது பதினொரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு பவுன் வைத்திருப்பவள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். “அது அவளுடையது, அவள்தான் கொடுக்க வேண்டும்” என்று கணவர் வீட்டார் ரமளானில் ஒரே குரலில் சொல்வார்கள். ஷவ்வாலில் அடகுக் கடைக்குப் போகும்போது அது குடும்பச் சொத்தாகிவிடும்.

சட்டத்தின் துணை அறவே இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரைத் தன் வரையறையிலிருந்து விலக்கியே வைத்தது. மணமுறிவுற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம், மஹரோடு, திருமணத்தின் முன்னும் பின்னும் அவளுக்குத் தரப்பட்ட பொருள்களையும் திரும்பப் பெறும் உரிமையைச் சொல்கிறது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ‘கைக்கூலி’ என்ற சொல்லையே எடுத்தாண்டு, மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுத்த பொருள் என்று அதற்கு வரையறை தந்து, அவள் அதைக் காழியிடம் கோருவதற்கு வழி வைத்தது. கைக்கூலிக்கு அங்கீகாரம் ஆகாதா என்று அதைக் குறை கூறுவோர் உண்டு; அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் எழுதப்பட்டதால் அது கேட்கக்கூடியதாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. நம் தஃப்தரில் மஹரின் 1,001 மட்டும் ஏறுகிறது, பவுன் ஏறுவதில்லை. பிரச்சினை என்று ஜமாஅத்துக்கு வந்தால் சாட்சியாக மணநாள் புகைப்படத்தைத்தான் கொண்டுவருகிறார்கள்.

ஆகவே தஃப்தரோடு ஒரு தாள் சேர்க்க வேண்டும் என்று முத்தவல்லிகளிடமும் இமாம்களிடமும் கேட்கிறோம். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. 1985ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகள், மணமகள் பெறும் அன்பளிப்புகளுக்கு எழுத்தில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், அதை மணமகளே வைத்திருக்க வேண்டும், மணமக்கள் இருவரும் ஒப்பமிட வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கின்றன. பொருளின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, வழங்கியவர் பெயர், அவருடைய உறவு என்று அதில் பத்திகள் உண்டு. நிக்காஹுக்கு முன்பு வக்கீலும் சாட்சிகளும் பெண்ணிடம் சம்மதம் கேட்கப் போகும்போது இந்தத் தாளையும் கொண்டுபோய், நகைச்சீட்டுக்குப் பணம் கட்டியது யார் என்று அவளிடமே கேட்டு எழுதலாம். அவள் தந்தை என்று சொன்னால் தந்தையின் பெயர். தன் சம்பளம் என்று சொன்னால், வழங்கியவர் பத்தியில் அவள் பெயர், உறவு என்ற பத்தியில் ‘தானே’.